தங்கப் பதக்கம் யார் மார்பில்?

“சினிமாக் கதைக்கு நம் பத்திரிகையில் என்ன வேலை? கூலியைப் பற்றி எழுதுங்கள், போனஸைப் பற்றி எழுதுங்கள்” என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். வேறு ஊர்த் தோழர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். அருப்புக்கோட்டைத் தோழர்கள் சொல்ல நியாயமில்லை. 1977 தேர்தலில் எம்.ஜி.ராமச்சந்திரன் நின்று ஜெயித்த தொகுதி அருப்புக்கோட்டை. திரையில் அவர் ஏழையின் கண்ணீரைத் துடைத்ததைப் பார்த்த நெசவாளியும், மில் தொழிலாளியும், கரிசல்காட்டுக் கூலியாளும், நிஜத்திலும் துடைப்பார் என்று நம்பி ஓட்டுப் போட்டார்கள். அவர் முதல் மந்திரியானார். அவருடைய ஆட்சியில்தான் 1980-இல் வட ஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் இளைஞர்களைப் போலீஸ் சுட்டுத் தள்ளிவிட்டு, ‘மோதல்’ என்று கணக்கு எழுதியது. ஆகவே, திரையில் தெரியும் முகத்தை ஜனங்கள் எவ்வளவு தூரம் நம்புவார்கள் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த முகம் காக்கித் தொப்பி போட்டு வரும்போது என்ன சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதே நம் கேள்வி.

போலீஸ் அதிகாரியையும் அவர் குடும்பத்தையும் வைத்து எடுத்த படங்களுக்கெல்லாம் தாய்ப்படம் 1974-இல் வந்த ‘தங்கப் பதக்கம்’. கதை எழுதிய மகேந்திரன் நமக்குப் பக்கத்து இளையான்குடியில் பிறந்தவர். டைரக்டர் பி.மாதவன். எஸ்.பி. சௌத்ரியாக சிவாஜி கணேசன். கடமைக்காகச் சொந்த வீட்டையே தியாகம் செய்யும் உத்தம அதிகாரி அவர். மகன் தறுதலையாகித் திருடனாகிறான். கடைசியில் தேசத் துரோகத்துக்கும் துணிகிறான். தகப்பன் மகனைத் தன் கையாலேயே சுட்டு வீழ்த்துகிறார். சர்க்கார் அவர் மார்பில் தங்கப் பதக்கம் குத்துகிறது. தரை டிக்கெட்டு வாங்கி உட்கார்ந்தவர்களில் அழாதவர் யார்? சிவாஜியின் நடிப்பைக் குறை சொல்ல நாம் வரவில்லை. கல்லும் கரையும்படி நடித்தார். அதுதான் சங்கடம்! கண்ணில் நீர் நிறைந்திருக்கும்போது எதிரே இருப்பது சரியாகத் தெரிவதில்லை.

என்ன தெரியவில்லை? அந்தக் கதையில் குற்றம் எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டேஷனில் இல்லை, எஸ்.பி. வீட்டுக்குள் இருக்கிறது. கெட்டது போலீஸ் இலாகா அல்ல, பிள்ளை. அவனைச் சுட்டுவிட்டால் எல்லாம் சுத்தம்! இந்தியிலும் 1982-இல் ‘சக்தி’ என்ற படத்தில் திலீப்குமார் போலீஸ் தகப்பனாகவும், அமிதாப் பச்சன் மகனாகவும் வந்தார்கள். அங்கேயும் தகப்பன்தான் சுட்டார். பம்பாயில் சுட்டாலும் மதராஸில் சுட்டாலும் அந்தக் குண்டு ஸ்டேஷன் வாசல் பக்கம் மட்டும் போகவில்லை.

மகேந்திரனுக்கே அந்தப் பாணி போதவில்லை போலும். ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ என்று மனிதர்களைத் தேடி அவர் போய்விட்டார். ஆனால் அவர் விட்டுச் சென்ற தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்குக் குறைவில்லை.

இன்னொரு விசேஷத்தையும் கவனியுங்கள். நம் படங்களில் எஸ்.பி. கதாநாயகன், இன்ஸ்பெக்டர் கதாநாயகன், அல்லது வில்லன். ஏட்டு யார்? கோமாளி! தொந்தியும் தொளதொள நிஜாருமாக, திருடனைக் கண்டால் ஓடுகிறவர், ஓசி டீக்கு அலைகிறவர். மேலதிகாரியின் மனைவி நோயில் கிடந்தால் சோக கீதம் பாடுகிறார்கள். ஏட்டுவின் மனைவி எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று யாராவது காட்டியது உண்டா? அந்தக் கான்ஸ்டபிள் யார்? நரிக்குடிப் பக்கம் மானாவாரி நிலத்தில் மிளகாய் போட்டுக் கடனான சம்சாரியின் மகன்தான். உத்தியோகம் பார்க்க உடுப்பு மாட்டிப் போனவன், பெரிய அதிகாரி வீட்டில் துணி துவைக்கவும் நாயைக் குளிப்பாட்டவும் நின்றான். இந்த ‘ஆர்டர்லி’ முறையை 1979-லேயே ஒழித்துவிட்டதாகத் தமிழ்நாடு சர்க்கார் சொன்னது. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 2022-இல், அதை ஒழியுங்கள் என்று சென்னை ஹைகோர்ட் மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது. ஒழித்த லட்சணம் அப்படி! சங்கம் வைத்து முறையிடலாம் என்றால், போலீஸ்காரரின் சங்க உரிமைக்கு 1966-ஆம் வருஷத்து மத்திய சட்டம் பூட்டுப் போட்டிருக்கிறது. மில் தொழிலாளிக்காவது சங்கம் உண்டு, தோழர்களே. இவனுக்கு அதுவும் இல்லை. மேலே குனிந்து நிற்கிறவன் கீழே ஓங்கி அடிக்கிறான். இதைப் படம் எடுத்தால் தணிக்கைக்குப் போகும் முன்பே தயாரிப்பாளருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

ஐந்து படமும் ஓர் அறிக்கையும்

அப்புறம் வந்தார்கள் சிங்கங்கள். டைரக்டர் ஹரி 2003-இல் ‘சாமி’ எடுத்தார். 2010-இல் ‘சிங்கம்’, பிறகு அதற்கு இரண்டாம், மூன்றாம் பாகங்கள், 2018-இல் ‘சாமி’க்கு இரண்டாம் பாகம். ஆக ஐந்து. சட்டம், கோர்ட், சாட்சி எல்லாம் சோம்பேறிகளின் வேலை. ஓங்கி ஓர் அறை விட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்பது இந்தப் படங்களின் வேதம். ‘சிங்க’த்தில் சூர்யா தூத்துக்குடி மாவட்டத்துச் சொந்த ஊரிலேயே எஸ்.ஐ. ஊரும் உறவும் அவருக்குப் பின்னால் நிற்கும். அவர் கை ஓங்கியபோதெல்லாம் தியேட்டர் விசிலடித்தது.

அதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் சாத்தான்குளம் இருக்கிறது.

2020 ஜூன் 19. ஊரடங்குக் காலம். குறித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு வியாபாரியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பனை என்ன செய்கிறார்கள் என்று கேட்கப் போனான் மகன். இரண்டு பேரையும் ராத்திரி நெடுக அடித்தார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்து, கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22-ஆம் தேதி ராத்திரி மகன் செத்தான். 23 காலையில் தகப்பன் செத்தார். ‘தங்கப் பதக்க’த்தில் மகனைக் கொன்ற தகப்பனுக்கு மெடல். சாத்தான்குளத்தில் தகப்பனைக் கேட்கப் போன மகனுக்கு லத்தி. குடும்பப் பாசத்தைப் பற்றிப் படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட என்ன கதை வேண்டும்?

அந்த ஜூன் மாதத்திலேயே டைரக்டர் ஹரி ஓர் அறிக்கை விட்டார். போலீஸ் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். சொன்னாரே, அதற்கு மதிப்புக் கொடுப்போம். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து படத்தின் வசூல் ஐந்து படத்தின் வசூல்தான். அதைப் பார்த்துவிட்டு ‘போலீஸ்காரன் அடித்தால் தப்பென்ன’ என்று சொல்லப் பழகிய வாய்கள் ஓர் அறிக்கையால் மூடிவிடுமா?

விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு அந்த ஸ்டேஷனில் நடந்த மரியாதையைக் கேளுங்கள். ஆவணம் கொடுக்க இழுத்தடித்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் அவரையே அவமதித்துப் பேசினான். காமிராப் பதிவைக் கேட்டால், சேமிக்கத் தாராளமாக இடம் இருந்தும் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள்! கடைசியில் ஸ்டேஷனையே ரெவின்யூ அதிகாரிகள் பொறுப்பில் எடுக்கும்படி ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியதாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது மட்டுமல்ல. கேட்க வந்தவரையும் முட்ட வந்தது.

அந்த முட்டுக்கு நடுவில்தான் ஒருவர் வாய் திறந்தார். எஸ்.பி. அல்ல, இன்ஸ்பெக்டர் அல்ல. நம் படங்களில் கோமாளியாக வருகிற அதே ஏட்டு. ஒரு பெண் தலைமைக் காவலர். ராத்திரி முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருக்கிறது, உடனே எடுக்காவிட்டால் அழித்துவிடுவார்கள் என்று அந்தம்மாள் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். உடன் வேலை பார்ப்பவர்கள் அங்கேயே நடமாடிப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவர் தயங்கியதையும் மாஜிஸ்திரேட் எழுதியிருக்கிறார். தயங்கித்தான் போட்டார். போட்டார் என்பதுதான் விஷயம்! பின்னால் சி.பி.ஐ. ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை போட்ட வழக்குக்கு அந்தச் சாட்சியம் பெரிய பலம்.

போலீஸ் இலாகாவில் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்வார்கள். எவ்வளவு அழகான வார்த்தை! குடும்பம் என்றால் என்ன அர்த்தம்? ஒருவன் செய்த கொலையை மற்றவன் மறைக்க வேண்டும் என்று அர்த்தமா? அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க் போலீஸில் பிராங்க் செர்பிக்கோ என்றொரு போலீஸ்காரர், சகாக்கள் வாங்கும் மாமூலைப் பற்றி வெளியே சொன்னார். 1971-இல் போதைப் பொருள் பிடிக்கப் போன இடத்தில் அவர் முகத்தில் குண்டு பாய்ந்தது. பிழைத்து வந்து, விசாரணைக் கமிஷன் முன் சாட்சி சொன்னார். ஹாலிவுட்காரர்கள் 1973-லேயே அவர் பெயரில் படம் எடுத்துவிட்டார்கள். சாத்தான்குளத்து ஏட்டு அம்மாளுக்கு நம் கோடம்பாக்கம் எப்போது தங்கப் பதக்கம் குத்தப் போகிறது?

லஞ்சம் என்றால் எது?

படத்தில் லஞ்சம் என்றால் ஒரு பெட்டி நிறைய நோட்டு. வில்லன் நீட்டுவான், கெட்ட இன்ஸ்பெக்டர் வாங்குவார், நல்ல இன்ஸ்பெக்டர் உதைப்பார். இது குழந்தைக் கதை. நமக்குத் தெரிந்த லஞ்சம் வேறு. புகார் கொண்டுபோனால் எப்.ஐ.ஆர். போடாமல் மனு ரசீது கிழித்துக் கொடுத்து, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேரம் பேசுவது. கந்துவட்டிக்காரனுக்காகக் கடன்காரனைக் கூப்பிட்டு மிரட்டுவது. ஆற்று மணல் லாரிக்குக் கண்ணை மூடுவது. கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவனின் இரண்டு மூட்டைக்குக் கண்ணைத் திறப்பது. இவற்றுக்கும் மேலான லஞ்சம் ஒன்று உண்டு. அதில் நோட்டே கைமாறாது. மேலிருந்து ஒரு போன் வரும், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டு எடுத்த படம் ஒன்று உண்டு என்றால், அது வெற்றிமாறனின் ‘விசாரணை’. 2015-இல் வெனிஸ் விழாவில் காட்டினார்கள். 2016 பிப்ரவரியில் நம் ஊர்களுக்கு வந்தது. கதைக்கு மூலம் கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார், குண்டூர் போலீஸிடம் தான் பட்ட பாட்டை எழுதிய ‘லாக்கப்’. நாவலாசிரியர் மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்தது அல்ல. அடி வாங்கிய தொழிலாளி தானே எழுதியது. பூங்காவில் படுத்துத் தூங்கும் கூலிக்காரப் பையன்களைப் பிடித்துப்போகிறார்கள். பெரிய வீட்டில் பெரிய திருட்டு, மேலிருந்து நெருக்கடி, திருடன் உடனே வேண்டும். பிழைக்க வந்த ஊரில் கேட்பாரில்லாத இவர்களைவிட மலிவான திருடன் எங்கே கிடைப்பான்? ஒப்புக்கொள் என்று அடிக்கிறார்கள். பிற்பாதியில் ஒரு பெரிய மனிதனின் கணக்குப்பிள்ளை போலீஸ் காவலில் செத்துப்போக, அதைப் பார்த்துவிட்ட கூலிக்காரர்களைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். மனசாட்சி உறுத்திய போலீஸ் அதிகாரியும் தப்பவில்லை. ‘ஒரே குடும்பம்’ தன் பிள்ளையைத் தானே தின்கிறது. இங்கே சௌத்ரியும் இல்லை, சிங்கமும் இல்லை. யந்திரம் ஒன்று ஓடுகிறது. அதை ஓட்டுகிறவன் மேலே இருக்கிறான். மில்லில் வேலை செய்கிறவனுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் ‘பார்க்க முடியவில்லை, வயிற்றைப் பிசைகிறது’ என்று பல பேர் பாதியில் எழுந்துபோனார்கள். சிங்கம் அறைந்தபோது பிசையாத வயிறு!

ரேகைச் சட்டம் போனது, ரேகை போனதா?

நம் சீமைப் பெரியவர்களுக்குப் போலீஸ் என்றால் அடிவயிறு கலங்கியதற்குக் காரணம் சினிமா அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்ததே, கைரேகைச் சட்டம் என்பார்கள், அது. இன்ன குலத்தில் பிறந்தவன் திருடன் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். ஆண்பிள்ளைகள் ரேகை பதிய வேண்டும். ராத்திரியானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-இல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்களைச் சுட்டார்கள். ராமநாதபுரம் மறவர் கிராமங்களிலும் இந்தக் கொடுமை வந்தது. முத்துராமலிங்கத் தேவரும் கம்யூனிஸ்டுகளும் மற்றப் பலரும் எதிர்த்துப் போராடி, 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அல்ல, அவன் பிறந்த குடும்பத்துக்கே தண்டனை. போலீஸ் புத்தகத்தில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு அந்த நாள் அர்த்தம் அது.

அந்த அர்த்தம் மாறிவிட்டதா? ‘ஜெய் பீம்’ படத்தின் தொடக்கத்தைப் பார்த்தவர்கள் சொல்லட்டும். சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களிடம் ஜாதி கேட்கிறார்கள். ஒரு ஜாதி சொன்னால் வீட்டுக்கு. இன்னொரு ஜாதி சொன்னால் மறுபடி ஜீப்புக்கு.

நரிக்குடியிலிருந்து வடக்கே போனால் வருகிற ஊர் திருப்புவனம். பக்கத்தில் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோவில். நம் பக்கத்து ஜனங்களும் காசு வெட்டிப் போட்டு நியாயம் கேட்கும் தெய்வம். அந்தக் கோவிலில் காவலாளியாக வேலை பார்த்த இளைஞரை, காரில் வைத்திருந்த நகை காணோம் என்ற புகாரின் பேரில் 2025 ஜூன் கடைசியில் பிடித்தார்கள். தனிப்படை என்று பெயர், உடுப்புக்கூட இல்லை. கோவிலுக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். ஜூன் 28-இல் அவர் செத்தார். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். கொலைகாரன்கூட இப்படித் தாக்கமாட்டான் என்று மதுரையில் ஹைகோர்ட் நீதிபதிகள் கொதித்தார்கள். ஐந்து போலீஸார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

எப்படி வெளியே வந்தது தெரியுமா? கோவில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து செல்போனில் படம் பிடித்தார். சில விநாடிகள்தான். கை நடுங்குகிறது, சங்கீதம் இல்லை, கதாநாயகன் இல்லை. போலீஸைப் பற்றித் தமிழில் எடுத்த படங்களில் அதற்கு ஈடு எது?

காசு வேண்டாம் என்ற குடும்பம்

சூர்யாவின் கதை வேடிக்கையானது. மூன்று பாகம் சிங்கமாகக் கர்ஜித்தவர், 2021-இல் த.செ.ஞானவேலின் ‘ஜெய் பீம்’ படத்தில் போலீஸைக் கூண்டில் ஏற்றும் வக்கீலாக வந்தார். நல்ல மாற்றம்தான், வரவேற்போம். 1993-இல் விருத்தாசலம் பக்கம், நகைத் திருட்டு என்று பிடித்துப்போன ஒரு கூலிக்காரரைக் கம்மாபுரம் ஸ்டேஷனில் அடித்தே கொன்றார்கள். உடலை அப்புறப்படுத்திவிட்டு, ஆள் தப்பி ஓடிவிட்டான் என்று கதை கட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அவருடைய மனைவி விடவில்லை. உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். வக்கீல் சந்துரு ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். 2006-இல் ஹைகோர்ட் போலீஸாரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. பதின்மூன்று வருஷம்!

படத்தைப் பற்றி நமக்கு இரண்டு மனத்தாங்கல் உண்டு. செத்தவர் குறவர், படத்தில் இருளராக மாற்றிவிட்டார்கள். எதற்கு? இன்னொன்று, வக்கீலின் கறுப்புக் கோட்டு திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அந்தப் பெண்ணோடு வெயிலில் நடந்தவர்கள் ஓரத்தில் தெரிகிறார்கள். இருந்தாலும் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு வழக்கை விட்டுவிடு என்று பெரிய அதிகாரி பேசுகிறார். வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவள் வேண்டாம் என்கிறாள். சௌத்ரி மகனைச் சுட்டதும் இதுவும் ஒன்றா? அவருக்குப் பின்னால் சர்க்கார் இருந்தது, பென்ஷன் இருந்தது, பதக்கம் இருந்தது. இவளுக்கு மறுவேளைக் கஞ்சி இல்லை. குடும்ப விசுவாசம் என்று ஒன்றைத் திரையில் காட்டுவதானால் இதைத்தானே காட்ட வேண்டும்!

இந்திய சர்க்கார் 1997-இல் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. அதை அமல்படுத்த 2010-இல் லோக் சபையில் ஒரு மசோதா நிறைவேறி, ராஜ்ய சபையில் முடங்கி, காலாவதியாகிப் போனது. காங்கிரஸ் போய் பா.ஜ.க. வந்தும் அந்த மசோதாவுக்கு உயிர் வரவில்லை.

இருக்கிற சட்டத்தையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-ஆவது ஷரத்து. கைது செய்யும்போதே குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உறவினருக்குச் சொல்ல வேண்டும். காயம் இருந்தால் டாக்டர் பார்த்து எழுத வேண்டும். 1996-இல் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு இது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஒருவரைக் கூட்டிப்போனார்கள் என்று கேள்விப்பட்டால், பெண்டு பிள்ளைகளை மட்டும் ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நாலு பேர் கூடப் போங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வழக்கு, என்ன நம்பர் என்று எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று இப்போதே செய்யலாம். எல்லா ஸ்டேஷனிலும், லாக்கப் உட்பட, ஒலியும் பதியும் காமிரா வைத்து, பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஸ்டேஷன்களில் எத்தனை காமிரா, எத்தனை ஓடுகிறது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள். பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்பு போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவின் நகலையும் தபால் ரசீதையும் சங்க ஆபீஸில் கொடுத்து வையுங்கள்.